ரெண்டு கோட்டிங் சில்வர்

என்ன கண்ணுகளா, எல்லாரும் சௌக்கியந்தானே? இந்தத் தைப் பனி யாருக்கும் நெஞ்சுச் சளி, முட்டிக் குடைச்சல் என்று எதையும் கொண்டுவந்து வைக்கவில்லையே? மாத்திரை போடுகிறவர்கள் போட்டுவிட்டு வந்து உட்காருங்கள். திருவொற்றியூரில், கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மூன்று மாடிக் குடியிருப்பில், குடியரசு தினத்துக்கு முந்தின சாயங்காலம் ஆரம்பித்து மறுநாள் காலையில் முடிந்த சங்கதி இது.

உச்சி மாடி வீட்டுக்காரி பெயர் ரமாபாய். ரயில் பெட்டி கழுவுகிற ஒப்பந்த வேலை அவளுக்கு. விடிகாலையில் யார்டுக்குப் போய், ஒரு கையில் தண்ணீர்க் குழாயும் இன்னொரு கையில் நீளப் பிரஷுமாக நின்றாள் என்றால், நாலு மாநிலத்து அழுக்கைச் சுமந்து வந்த பெட்டி அவள் கையில் வெளுத்துக்கொண்டு கிளம்பும். புருஷன் கிருஷ்ணப்பன் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஒரே மகள் மகிழினி. இருபத்து மூன்று வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மத்தியப் போலீஸ் படையில் சேர்ந்தவள், இந்த வருஷம் டெல்லி அணிவகுப்பில் நடக்கிற பெண்கள் அணியில் தேர்வாகிவிட்டாள்.

அந்தச் சேதி வந்த நாளிலிருந்து ரமாபாய்க்குத் தரையில் கால் பாவவில்லை. தண்ணீர் லாரி வரிசையில் சொன்னாள். யார்டில் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒருத்தியிடமும் சொல்லி, அவள் இறங்குமுன் அவள் வாயாலேயே வாழ்த்து வாங்கிக்கொண்டாள். கடைசியில் பன்னிரண்டு வீட்டுப் பொம்பளைகளையும் கூப்பிட்டு, இருபத்தாறாம் தேதி காலையில் எல்லோரும் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள், கேசரி உண்டு, என் பெண் நடப்பதை என் டி.வி.யில் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

என் டி.வி.யில், உட்கார்ந்து. இந்த இரண்டு வார்த்தையையும் அவள் சும்மா சொல்லவில்லை. அவளுக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அவள் அம்மா ஒரு பெரிய வீட்டில் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் டி.வி. உண்டு. வேலைக்காரி பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே வரக் கூடாது. அதுவும் வெயில் திரையில் விழுகிறது என்று சொல்லி ஒரு கதவைச் சாத்திவிடுவார்கள். மிச்சமிருக்கிற ஒரு கதவு இடுக்கில் ஆறு பிள்ளைகள். ரமாபாய் குள்ளம். முன்னால் நிற்கிறவன் தோளுக்கு மேலே பாதிப் படம்தான் அவளுக்குத் தெரியும். அந்தப் பாதிப் படம் இன்னும் அவள் தொண்டையில் நிற்கிறது. கல்யாணமாகி வந்ததும் முதல் சம்பளத்தில் அவள் வாங்கச் சொன்னது நகை இல்லை, டி.வி.

மகள் வருகிற டி.வி.க்கு வீடும் தயாராக வேண்டாமா? கிருஷ்ணப்பன் நாலு நாள் வேலைக்குப் போகாமல் பெயின்ட் அடித்தான். அந்தப் பக்கத்தில் இரும்புக்கு ஆயுசு கம்மி. கிழக்கே கடலிலிருந்து உப்பு, மேற்கே மணலித் தொழிற்சாலைகளிலிருந்து புகை, இரண்டும் சேர்ந்தால் புதுப் பூட்டை ஆறு மாசத்தில் தின்றுவிடும். அதனால் கிருஷ்ணப்பனுக்கு ஒரு வேதம் உண்டு: கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற எதையும் ஒரு விரல்கடை விடாமல் மூடிவிட வேண்டும். விட்ட இடத்தில்தான் துரு உட்காரும். கப்பல் பக்கவாட்டில் பலகையில் தொங்கிக்கொண்டு, சுத்தியால் துருவைத் தட்டித் தட்டி உதிர்த்து, முப்பது வருஷமாக அவன் செய்கிற வேலை அது. சுவருக்கு ஊதா அடித்தான். அம்பேத்கர் படத்தை இறக்கித் துடைத்து மறுபடி மாட்டினான். ஜன்னல் கம்பி, கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர் டிரம் வைக்கிற ஸ்டாண்டு, மாடிப்படிக் கைப்பிடி, எல்லாவற்றுக்கும் சில்வர் பெயின்ட். கீழ்வீட்டு கெங்கம்மா, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் தன்னையும் அடித்துவிடுவான் என்று பயந்து அந்தப் படியில் ஏறுவதையே விட்டுவிட்டாள்.

அந்த நாலு நாளும் டி.வி.யைப் பழைய புடவையில் மூடிக் கட்டி வைத்திருந்தார்கள். இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் ரமாபாய் புடவையை அவிழ்த்து, கண்ணாடியைத் துடைத்து, சுவிட்சைத் தட்டினாள். கறுப்புத் திரை. நடுவில் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் 'சிக்னல் இல்லை' என்று எழுத்து. அந்தக் கட்டம் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் சோம்பேறியாக நடந்துகொண்டிருந்தது.

முதலில் யாரும் பதறவில்லை. டி.வி.க்குக் கீழே இருக்கிற பாக்ஸை அணைத்துப் போட்டார்கள். பின்னால் வயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினார்கள். ரிமோட்டைத் தொடையில் தட்டினார்கள். கட்டம் நடையை நிறுத்தவில்லை.

டி.வி. ரிப்பேர் பார்க்கிற பாலகணேஷுக்குப் போன் போட்டாள். அவன் லீவுக்கு மாமியார் வீட்டுக்கு வந்தவாசி போயிருந்தான். அங்கிருந்தபடியே, ரிமோட்டில் எந்தப் பட்டனை அமுக்கி எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று வழி சொன்னான். இரண்டு கோடுகள் வந்தன. மேல் கோட்டில் கொஞ்சம் பச்சை. கீழ்க் கோட்டில் பூஜ்யம். மேல் கோடு இருப்பதால் வயரில் கோளாறு இல்லை, பாக்ஸும் நன்றாக இருக்கிறது, மாடியில் இருக்கிற குடைதான் காற்றில் திரும்பியிருக்கும், லேசாகத் திருப்பிப் பாருங்கள் என்றான். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரில் முடுக்கி வைத்திருக்கிற வட்டத் தட்டு ஆன்டெனாவைத்தான் எல்லோரும் குடை என்பார்கள். மாசக் காசு கட்டாமல் அரசாங்க சேனல் எல்லாம் அதில் வரும்.

கிருஷ்ணப்பன் ஸ்பேனரோடு ஏறினான். லேசாகத் திருப்பச் சொன்னால், கப்பல்காரனுக்கு எது லேசு? இரண்டு நட்டையும் தளர்த்தி, இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் என்று திருப்பினான். கீழே ரமாபாய் கோட்டைப் பார்த்து இல்லை, இல்லை என்று கத்தினாள். வெளிச்சம் போகிறவரை திருப்பிவிட்டு, சட்டையெல்லாம் வேர்வையோடு இறங்கி வந்தான்.

அன்றைக்குச் செய்து வைத்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு சட்டியிலேயே கிடந்தது. சத்தம் கேட்டு கெங்கம்மா மேலே வந்தாள். தரைத்தளத்து வீடு அவளுடையது. வாசலில் இட்லிக் கடை. மொட்டை மாடியின் மறுகோடியில் அவளுக்கும் ஒரு குடை உண்டு, வாங்கின நாளிலிருந்து ஒரு துணிகூடப் படாத குடை. மகிழினி படையில் சேரப் போனபோது, எட்டே நாளில் அழுதுகொண்டு திரும்பி வந்துவிடும் என்று ஆரூடம் சொன்னவளும் இவள்தான்.

"இதுக்கு இன்னாத்துக்குடி மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற?" என்றாள் கெங்கம்மா. "என் வூட்டு டி.வி. சொம்மா கண்ணாடி மாரி கீது. காலீல எல்லாரும் அங்க வந்து குந்துங்க. கேசரிய மட்டும் எடுத்துகினு வா."

"வேணாங்க்கா."

"ஏன், என் வூட்ல குந்துனா உன் பொண்ணு நடக்க மாட்டாளா?"

"நடப்பா. ஆனா நான் எட்டிப் பாக்க மாட்டேன். இன்னொருத்தர் வூட்ல பாக்கறதுக்கு நான் பொண்ணு பெக்கல."

கோபம் வந்தால் கெங்கம்மாவுக்குக் காது மடல் சிவக்கும், அது சிவந்திருந்தது. பிறகு, திமிருக்கு மட்டும் சிக்னல் நல்லா கீது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். செல்போனில் பார்க்கலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. உச்சி மாடியில் செல்போனில் ஒரு கோடுதான் வரும், படம் நாலு நொடி ஓடினால் நாற்பது நொடி சக்கரம் சுற்றும். இருபது பொம்பளைகள் ஒரு செல்லைச் சுற்றி நிற்பதை நினைத்தாலே ரமாபாய்க்கு அந்த ஜன்னல் இடுக்கு கண்ணில் வந்து நின்றது.

மறுநாள் விடிந்ததும் கிருஷ்ணப்பன் மறுபடி மாடியில் நின்றான். ரமாபாய் ரவையை வறுத்து, நெய்யை ஊற்றி, கேசரியைக் கிண்டி இறக்கினாள். முந்திரியைக் கணக்கில்லாமல் போட்டாள். மணி எட்டு. குடையைக் கடல் பக்கம் திருப்பியும், துறைமுகம் பக்கம் திருப்பியும், வானத்தைப் பார்க்க மல்லாத்தியும் ஆகிவிட்டது. ஒன்றுமில்லை. பத்தரைக்கு அணிவகுப்பு.

அப்போதுதான் கெங்கம்மா படியேறி வந்தாள். கையில் ஒரு தூக்கு நிறைய இட்லி, மேலே எவர்சில்வர் மூடி. ராத்திரிப் பேச்சைப் பற்றி இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. கெங்கம்மா மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னாள். தன் குடையிலிருந்து வயரை இழுத்து இவள் வீட்டுக்கு விடலாமே என்று. இழுத்துப் பார்த்தார்கள், எட்டு முழம் குறைந்தது. சரி, குடைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பி நுனியில் கைப்பிடி அளவுக்கு ஒரு டப்பா இருக்கிறதல்லவா, மூக்கு என்பார்களே, அதைக் கழற்றி இதில் மாட்டிக்கொள் என்றாள். அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும். கிருஷ்ணப்பன் ஸ்குரூ டிரைவரைப் போட்டுப் பார்த்தான். துரு ஏறி ஸ்குரூவும் கம்பியும் ஒரே கட்டையாகிவிட்டிருந்தன. இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினால் கம்பியே ஒடிந்து, இரண்டு வீட்டுக்கும் படம் இல்லாமல் போகும்.

"அதுக்குத்தான் நான் சொன்னேன்," என்றான் கிருஷ்ணப்பன், இந்த நேரத்திலும். "உன் குடைக்கும் ஒரு கோட்டிங் அடிச்சித் தரேன்னு. கேட்டியா?"

"யோவ், துருப்புடிச்சதுல படம் வருது. நீ பளபளன்னு அடிச்சி வெச்சிகீற, அதுல இன்னா வருது?" என்றாள் கெங்கம்மா.

சண்டை வளருமுன் ரமாபாய் அவளைக் கீழே அனுப்பினாள். இட்லிக்கு வந்த ஆட்கள் காத்திருந்தார்கள். கெங்கம்மா போய்த் தன் டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொண்டு வியாபாரத்தைப் பார்த்தாள். டெல்லியில் பேண்டு வாத்தியம் சரிபார்க்கிற சத்தம் மூன்று மாடி ஏறி வந்தது.

ரமாபாய் இட்லித் தூக்கின் மூடியைக் கையில் வைத்தபடியே கெங்கம்மாவின் குடைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வேலை செய்கிற குடை எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமென்றுதான். தட்டு முழுக்கக் காக்கை எச்சம். ஓரமெல்லாம் செம்மண் நிறத்தில் துரு. அந்த மூக்கின் முகத்தைப் பார்க்கக் குனிந்தாள். கடல் மேலே ஏறியிருந்த வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கையிலிருந்த மூடியைத் தூக்கி வெயிலுக்கு மறைப்பாகப் பிடித்தாள்.

கீழே வாத்தியம் பாதியில் நின்றது.

"யார்ரா அது மேல? என் டி.வி. பூட்ச்சி," என்று கெங்கம்மா வாசலிலிருந்து கத்தினாள்.

ரமாபாய் திடுக்கிட்டு மூடியை இறக்கினாள். இரண்டு நொடி கழித்து வாத்தியம் வந்தது. அவள் மூடியைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். மறுபடி மூடியைத் தூக்கி, மூக்குக்கும் தட்டுக்கும் நடுவில் பிடித்தாள். வாத்தியம் நின்றது. எடுத்தாள். வந்தது. யார்டில் ஒரு பெட்டியில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று ஒவ்வொன்றாக மூடித் திறந்து கண்டுபிடிக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அதே மாதிரி செய்தாள். தண்ணீர் டிரம்மின் பிளாஸ்டிக் மூடியைக் கொண்டுவந்து பிடித்தாள். வாத்தியம் பாட்டுக்கு வாசித்தது. எவர்சில்வரைப் பிடித்தாள். நின்றது. அதற்குள் கெங்கம்மா கரண்டியோடு மேலே ஓடி வந்துவிட்டாள். இட்லி வேகிற நேரத்தில் யார் விளையாடுவது என்று திட்டிக்கொண்டே வந்தவள், ரமாபாய் முகத்தைப் பார்த்து நின்றாள்.

ரமாபாய் நடந்து போய்த் தன் குடையின் முன்னால் நின்றாள். தட்டு பளபளவென்று இருந்தது. கம்பி பளபளத்தது. நுனியில் இருந்த மூக்கும், அதன் முகத்தை மூடியிருக்கிற பிளாஸ்டிக் தொப்பியும் சேர்த்து, ஒரு விரல்கடை விடாமல், நிலா மாதிரி பளபளத்தன.

"யோவ். இந்த மூக்குக்கு இன்னா அடிச்ச?"

"சில்வர்."

"எத்தினி தபா?"

"ரெண்டு கோட்டிங்," என்றான் கிருஷ்ணப்பன், நெஞ்சை நிமிர்த்தி. "கடலப் பாத்துகினு கீது இல்ல. ஒரு கோட்டிங்லாம் நிக்காது."

"சில்வர் பெயின்ட்ல இன்னா கீது?"

"இன்னா கீது, அலுமினியம் பவுடரு. நான் என் கையால கலக்கறது. மேல வந்து தகடு மாரி படிஞ்சிக்கும், உப்பு உள்ள பூராது, தண்ணி உள்ள பூராது, ஒண்ணியும்..."

அவன் வாய் அப்படியே நின்றுவிட்டது. ரமாபாய் கையிலிருந்த எவர்சில்வர் மூடியைப் பார்த்தான். கெங்கம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கரண்டியால் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். சாட்டிலைட்டுக்கே தாழ்ப்பாள் போட்ட ஆம்பிளை இந்தப் பேட்டையிலேயே இவன் ஒருத்தன்தான் என்றாள்.

கிருஷ்ணப்பன் சிரிக்கவில்லை. பெயின்ட்டால் எந்தப் பொருளும் கெட்டதாக அவன் கேள்விப்பட்டதே இல்லை என்றான். தன் பெயின்ட்டைப் பற்றி இன்றுவரை ஒரு மேஸ்திரி ஒரு சொல் சொன்னதில்லை, வெள்ளைக்காரக் கேப்டன் ஒருத்தன் கப்பலிலிருந்து இறங்கி வந்து கை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றான். மூக்கு உள்ளுக்குள்ளே செத்துப் போயிருக்கும், அதற்குப் பெயின்ட் மேல் பழி போடுகிறார்கள் என்றான். மணி எட்டே முக்கால் தாண்டியது.

ரமாபாய்க்கு அவனைத் திட்டத் தோன்றியது. ஆனால் நாலு நாளாகக் குனிந்து நிமிர்ந்ததில் அவன் இடுப்பில் கை வைத்து நிற்பதைப் பார்த்தாள். நகக்கண் எல்லாம் சில்வர். மகள் நடக்கப் போகிற நாளுக்காகத்தான் அத்தனையும்.

"இங்க பாருய்யா," என்றாள். "வேற எவனாச்சும் அடிச்சிருந்தா அங்கங்க சந்து உட்ருப்பான். அந்தச் சந்துல படம் வந்திருக்கும். நீ அடிச்சதால தான் ஆகாசத்துலந்து வர்றதே உள்ள பூர முடியாம வெளிய நிக்குது. உன் வேல சுத்தம். யாரும் ஒரு சொல்லு சொல்ல மாட்டாங்க. இப்போ அத்த நீயே சொரண்டு. வேற எவன் கை வெச்சாலும் அது ஒடஞ்சி பூடும்."

கிருஷ்ணப்பன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பிளேடு, உப்புத்தாள், பழைய பனியன் துணி மூன்றும் கேட்டான். பெயின்ட் கரைக்கிற தின்னர் வேண்டாமா என்று கெங்கம்மா கேட்டதற்கு, தின்னர் பட்டால் பிளாஸ்டிக் உருகி மெழுகாகிவிடும், வாயை மூடிக்கொண்டு இரு என்றான். அந்த அதட்டல் வந்ததுமே ரமாபாய்க்கு உயிர் வந்தது. வேலைக்காரன் திரும்பி வந்துவிட்டான்.

குந்தி உட்கார்ந்து, இடது உள்ளங்கையில் மூக்கைத் தாங்கிக்கொண்டு, பிளேடைப் படுக்கையாக வைத்து இழுத்தான். தகடு சுருண்டு சுருண்டு விழுந்தது. மேல் கோட்டிங் போனதும் கீழ்க் கோட்டிங். அது இன்னும் கெட்டி. பலே, எவண்டா அடிச்சது இத்த என்று தன்னையே மெச்சிக்கொண்டான். சில்வர்த் தூள் அவன் முழங்காலிலும் மீசையிலும் படிந்தது. கீழே விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். முத்தம்மா வந்தாள், பேரன் பேத்தியோடு அம்மாபெண்ணு வந்தாள், நாற்காலி போதாமல் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். கறுப்புத் திரையில் நடக்கிற கட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேசரி சாப்பிட்டார்கள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்தபோது, உரித்த முட்டை மாதிரி வெள்ளைத் தொப்பி வெளியே வந்தது. மணி ஒன்பதரை. ரமாபாய் கீழே ஓடிப் போய்க் கோட்டைப் பார்த்தாள். மேல் கோட்டில் பச்சை. கீழ்க் கோட்டில் பூஜ்யம்.

தப்புக் கணக்குப் போட்டு அந்த மனுஷனையும் நோகடித்துவிட்டோமோ என்று நினைத்தாள். திரும்ப மேலே போனவளிடம் கிருஷ்ணப்பன்தான் சொன்னான். நேற்று சாயங்காலத்திலிருந்து குடையைக் கண்டபடி திருப்பி வைத்திருக்கிறோம், இப்போது அது டெல்லியையும் பார்க்கவில்லை, தில்லையையும் பார்க்கவில்லை. பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். பழைய இடம் எது? நட்டு இருந்த அடையாளம் சுவர்க் கம்பியில் இருக்குமே என்று தேடினாள். அதையும் ரெண்டு கோட்டிங் மூடியிருந்தது.

கெங்கம்மாவின் குடையைப் பார்த்து அதே மாதிரி வைக்கலாமென்றால், மாடியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கண் மதிப்பு நிற்கவில்லை. கிருஷ்ணப்பன் இரண்டு குடைக்கும் நடுவில் போய் நின்று மாற்றி மாற்றிப் பார்த்தான். அப்புறம் குடைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான். கெங்கம்மாவின் குடை நிழல் சிமென்ட் தரையில் ஒரு முட்டை வடிவத்தில் விழுந்திருந்தது, மூக்கின் நிழல் அதன் விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி. தன் குடையின் நிழல் தட்டையாக, வேறு எங்கோ கோணிக்கொண்டு கிடந்தது.

"ரெண்டும் ஒரே கம்பெனி தானே, ஒரே அளவு," என்றான். "சூரியனும் ஒண்ணு தான். நெழல அதே மாரி விழ வெச்சா, குடையும் அதே மாரி நிக்கும். ரமா, நீ கீழ போயி கோட்டப் பாரு. கெங்கம்மா, நீ படியில நின்னு அவ சொல்றத எனக்குச் சொல்லு. நான் சொல்ற வரைக்கும் எவளும் பேசக் கூடாது."

பாலகணேஷும் அப்போதுதான் வந்தவாசியிலிருந்து கூப்பிட்டான். சங்கதியைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தான். அப்புறம் ஒரு நல்ல வார்த்தை சொன்னான். ஒரு தடவை நகர்த்தினால் பாக்ஸுக்குப் புரிய நாலு நொடி ஆகும், அதனால் ஒரு நூல் அளவு நகர்த்திவிட்டு ஐந்து எண்ண வேண்டும், அவசரப்படுகிறவனுக்குப் படம் வராது என்றான்.

ஒரு நூல். ஐந்து எண்ணிக்கை. வீட்டில் ரமாபாய் இல்லை என்பாள், படியில் கெங்கம்மா இல்லை என்பாள், மாடியில் கிருஷ்ணப்பன் இன்னும் ஒரு நூல் நகர்த்துவான். இருபது பொம்பளைகளும் வாயை மூடிக்கொண்டு கீழ்க் கோட்டைப் பார்த்தார்கள். பத்து மணி. பத்தே கால். எண்ணிக்கையை இப்போது எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். பத்து இருபத்தொன்றுக்குக் கீழ்க் கோட்டில் ஒரு பச்சைப் புள்ளி வந்து, போய், மறுபடி வந்து, அப்படியே பாதிவரை நீண்டது.

"நிறுத்து," என்றாள் ரமாபாய். கத்தக்கூட வரவில்லை, மூச்சாகத்தான் வந்தது. படியில் நின்ற கெங்கம்மா அதைத் தெருமுனை வரை கேட்கிற மாதிரி மாடிக்கு அனுப்பினாள்.

டி.வி.யில் டெல்லி வந்தது. அகலமான சாலை, பனிமூட்டம், கொடி. கிருஷ்ணப்பன் நட்டை முடுக்கிவிட்டு, மீசையில் சில்வரோடு வந்து வாசற்படியில் நின்றான். ரமாபாய் எழுந்து போய் அவனை உள்ளே இழுத்துவந்து, அவள் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் இடம் விட்டார்கள். அவளும் உட்கார்ந்தாள், முதுகை நன்றாகச் சாய்த்து, காலை நீட்டி.

குதிரை போனது, ஒட்டகம் போனது, பீரங்கி போனது. தெரியாத பாஷையில் வர்ணனை ஓடியது. எந்த அணி வந்தாலும் இதுவா, இதுவா என்று முத்தம்மா கேட்டாள். கடைசியில் அவர்கள் வந்தார்கள். தூரத்தில் ஒரு காக்கிக் கட்டமாகத் தெரிந்து, பக்கத்தில் வர வர வரிசை வரிசையாகப் பெண்கள். நூற்றுக்கு மேலே இருக்கும். எல்லோருக்கும் ஒரே தொப்பி, ஒரே உயரம், ஒரே தோள். கை ஏறினால் எல்லாக் கையும் ஒன்றாக ஏறியது. கால் விழுந்தால் நூறு காலுக்கும் ஒரே சத்தம். தலையை ஒரே வெட்டாக வலப்பக்கம் திருப்பினார்கள். கேமரா ஒரு வரிசையோடு கொஞ்ச தூரம் நகர்ந்தது, மேலே போனது, அவர்கள் முதுகு தெரிந்தது. ஒரு டம்ளர் டீ ஆற்றுகிற நேரம்கூட இல்லை. அடுத்த அணி வந்துவிட்டது.

எல்லோரும் ரமாபாயைப் பார்த்தார்கள். கெங்கம்மாதான் மெதுவாகக் கேட்டாள்.

"எதுடி நம்ம பொண்ணு?"

ரமாபாய் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, உதடு சிரித்துக்கொண்டிருந்தது.

"தெர்லக்கா," என்றாள். "மொத வரிசலந்து கடசி வரிச வரைக்கும் பாத்தேன். ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் ஒரு மயிரிழ வித்தியாசம் இல்ல." பக்கத்தில் புருஷன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "பெத்தவளுக்கே அடையாளம் தெரியாத மாரி நடக்குது பாரு என் பொண்ணு."

கிருஷ்ணப்பன் எழுந்து நின்றான். அவன் எழுந்ததைப் பார்த்து கெங்கம்மா எழுந்தாள், முத்தம்மா எழுந்தாள், கேசரித் தட்டை மடியில் வைத்திருந்தவர்கள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு எழுந்தார்கள். அடுத்த அணி யார் பெற்ற பிள்ளைகளோ, அவர்கள் கடந்து போகிறவரை அந்த ஊதா வீட்டில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

இவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளை, உங்கள் தெருப் பிள்ளை டி.வி.யில் வந்து, ஊரே கூடிப் பார்த்த நாள் உங்களுக்கும் ஒன்று இருக்குமே. அன்றைக்குப் படம் வந்ததா, கட்டம்தான் நடந்ததா, குடையில் யார் ஏறினது, யார் என்ன சமையல் என்று ஒன்றுவிடாமல் எழுதிப் போடுங்கள். எத்தனை நீளமானாலும் உட்கார்ந்து படிக்கலாம்.